பள்ளிக்கூடத்துப் படிகள்

நுழையும்முன்

எல்லாரையும் ஒரே விதமாக நடத்துவதுதான் சமநீதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரே விதமாக நடத்துவதாலேயே ஒருவர் விலக்கப்பட்டுவிடக்கூடும் என்பதை இங்கிலாந்து நாட்டுக் கல்விச் சட்டம் நெடுங்காலம் கழித்தே உணர்ந்தது. மாற்றுத்திறன் கொண்ட மாணவரைப் பள்ளிக்கு ஏற்றவராக மாற்றுவதா, பள்ளியை அவருக்கு ஏற்றதாக மாற்றுவதா என்னும் வினாவுக்கு அந்நாடு தேடிய விடையை இப்பாடம் ஆராய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரில் எழுந்த பள்ளிக் கட்டடங்கள் பல இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. செங்கல்லால் கட்டப்பட்ட மூன்றடுக்கு மாளிகைகள் அவை. வெளிச்சம் தாராளமாக வர உயரமான சன்னல்கள் உண்டு. சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி வாயில்கள் உண்டு. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, அதுவரை பள்ளியே கண்டிராத ஏழைப் பிள்ளைகளுக்காக எழுந்த கட்டடங்கள் என்பதால் அவற்றுக்கு ஒரு பெருமை உண்டு. காற்றும் ஒளியும் குழந்தைகளுக்குத் தேவை என்று எண்ணிய கட்டடக் கலைஞர்கள், படியேற இயலாத குழந்தையை மட்டும் எண்ணவில்லை.

அப்படியொரு பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி வருவதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய அறிவியல் வகுப்பு மூன்றாம் தளத்தில் நடைபெறுகிறது. தலைமையாசிரியர் நல்லவர். "நாங்கள் யாரையும் வேறுபடுத்துவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பது ஒரே படிக்கட்டுத்தான்" என்கிறார். கேட்பதற்கு நேர்மையான கூற்றுப்போலவே ஒலிக்கிறது. இக்கூற்றில் உள்ள பிழை எது என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்ல இங்கிலாந்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

கல்விக்கு வெளியே நின்றவர்கள்

தொடக்கத்தில் சட்டம் குழந்தைகளை வகை பிரித்தது. பார்வையற்ற குழந்தைகளுக்கும் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கும் கல்வி தரும் கடமையை 1893ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி அமைப்புகளின்மேல் சுமத்தியது. 1902ஆம் ஆண்டில் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மாவட்ட மன்றங்களுக்கும் நகர மன்றங்களுக்கும் சென்றது. அவையே உள்ளாட்சிக் கல்வி அமைப்புகள் எனப்பட்டன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளை மாநிலக் கல்வித்துறை நேரே நடத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றலாம். அங்கே எந்தக் குழந்தை எந்தப் பள்ளியில் சேரும், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பவற்றை உள்ளூர் மன்றமே பெரிதும் முடிவு செய்தது. ஆகவே, அங்கு மாற்றுத்திறன் குழந்தையின் வாழ்வு நாடாளுமன்றத்தின் சட்டத்தை மட்டுமன்றி, ஊர் மன்றத்தின் மனப்பாங்கையும் பொறுத்திருந்தது.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அனைவர்க்கும் இடைநிலைக் கல்வி என்று அறிவித்த புகழ்பெற்ற சட்டமாகும். அதே சட்டம், சில குழந்தைகள் பள்ளியில் கல்வி பெறவே இயலாதவர்கள் என்று முடிவுகட்டும் அதிகாரத்தையும் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளுக்கு வழங்கியது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு மிகுந்த குழந்தைகள் அவ்வாறு பெயர் சூட்டப்பட்டுக் கல்வித்துறையின் ஏடுகளிலிருந்தே நீக்கப்பட்டனர். அவர்களுக்கெனப் பயிற்சி மையங்கள் இருந்தன. ஆனால் அவற்றை நடத்தியது சுகாதாரத்துறை. அங்கே சென்ற குழந்தை சட்டத்தின் கண்ணுக்கு மாணவர் அன்று. இந்த நிலையை ஒழித்த சட்டம் 1970இல் நிறைவேறி, 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கல்வி பெற இயலாத குழந்தை என்று ஒருவரும் இல்லை என்பதை இங்கிலாந்து சட்டப்படி ஏற்றுக்கொண்டு இன்னும் அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அடுத்த திருப்பம் மெய்யியல் அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கையால் நேர்ந்தது. குழந்தைகளை ஊனத்தின் பெயரால் வகைப்படுத்துவதைக் கைவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியில் என்ன தேவை என்று கேட்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்தாகும். பள்ளிக் காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஐவரில் ஒருவருக்குச் சிறப்புக் கல்வி உதவி தேவைப்படலாம் என்றும் அக்குழு கணித்தது. அதன்படி 1981ஆம் ஆண்டுச் சட்டம் உருவாயிற்று. கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தையின் தேவைகளை ஆராய்ந்து எழுத்தில் பதிவு செய்யும் கடமை உள்ளாட்சிக் கல்வி அமைப்புக்கு வந்தது. இத்தகைய குழந்தைகள் பொதுப் பள்ளியில் பயில வேண்டும் என்று அச்சட்டம் கூறியது; உடனே நிபந்தனைகளையும் அடுக்கியது. பிற மாணவரின் கல்விக்கு இடையூறு நேரக்கூடாது. வளங்கள் திறம்படப் பயன்பட வேண்டும். இரண்டாம் நிபந்தனையைக் கூர்ந்து நோக்குங்கள். 'பணம் போதாது' என்பதைத்தான் அது பண்பட்ட சொற்களில் கூறுகிறது. தேவை என்பது பிறர் மதிப்பிட்டு வழங்கும் ஒன்று. உரிமை என்பது ஒருவர் கேட்டுப் பெறும் ஒன்று. 1981இல் குழந்தைக்குக் கிடைத்தது முன்னது.

வீதியில் தொடங்கிய சட்டம்

பின்னது வகுப்பறையில் பிறக்கவில்லை. தங்களால் ஏற முடியாத பேருந்துகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு இலண்டன் வீதிகளில் போராடிய மாற்றுத்திறனாளிகள் அதற்கு வழி வகுத்தனர். பாகுபாட்டைத் தடுக்கும் குடியுரிமை மசோதா ஒன்று 1994இல் நாடாளுமன்றத்தில் விவாதத்தை நீட்டியே வீழ்த்தப்பட்டது. அப்போது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அமைச்சராக இருந்தவர் நிக்கோலஸ் ஸ்காட். அந்த மசோதாவுக்காகப் பரப்புரை செய்த அமைப்பு ஒன்றில் பணியாற்றியவர் அவருடைய மகள் விக்டோரியா. மகளே தந்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைத் தணிக்க அரசே ஒரு சட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது. அதுவே 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம்.

கடை, உணவகம், அலுவலகம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அச்சட்டம் தடை செய்தது. பள்ளியை மட்டும் விட்டுவிட்டது. மாற்றுத்திறன் மாணவருக்கு என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன என்ற செய்தியைப் பள்ளிகள் வெளியிட வேண்டும் என்பதோடு நின்றது. ஒரு தேநீர்க் கடைக்காரர் செய்யக்கூடாத ஒன்றை ஒரு பள்ளி செய்யலாம் என்ற விந்தையான நிலை ஏழாண்டுகள் நீடித்தது. 2001இல் நிறைவேறிய சிறப்புக் கல்வித் தேவைகள் மற்றும் மாற்றுத்திறன் சட்டம், 2002 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் பள்ளிகளும் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளும் பாகுபாட்டுத் தடையின் எல்லைக்குள் வந்தன. வளங்கள் பற்றிய பழைய நிபந்தனையும் அப்போதே நீக்கப்பட்டது. பெற்றோர் விரும்பாவிட்டாலோ, பிற மாணவரின் கல்வி உண்மையிலேயே பாதிக்கப்பட்டாலோ அன்றி, சிறப்புத் தேவை பதிவு செய்யப்பட்ட குழந்தைக்குப் பொதுப் பள்ளியில் இடம் தந்தாக வேண்டும் என்றாயிற்று. இவையும் வேறு பல பாகுபாட்டுத் தடைச் சட்டங்களும் பின்னர் ஒன்றாக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமாக இன்று விளங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

சமத்துவச் சட்டத்தின்படி, உடலிலோ உள்ளத்திலோ உள்ள ஒரு குறைபாடு அன்றாடச் செயல்களைக் கணிசமாகவும் நீண்ட காலமும் பாதித்தால் அது மாற்றுத்திறன் ஆகும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நீடிப்பது, அல்லது நீடிக்கக்கூடியது, நீண்ட காலம் எனப்படும். மருந்தால் கிடைக்கும் நிவாரணம் கணக்கில் கொள்ளப்படாது. இன்சுலின் செலுத்திக்கொள்ளும் மாணவர் நலமாகத் தோன்றினாலும், இன்சுலின் இல்லையெனில் அவர் நிலை என்னவாகும் என்றே சட்டம் கேட்கும். கண்ணாடியால் சீராகும் பார்வைக் குறைவுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. புற்றுநோய் போன்ற சில நோய்கள் கண்டறியப்பட்ட நாள் முதலே மாற்றுத்திறனாகக் கொள்ளப்படும்.

உணவக வாயிலில் ஒரு நாய்

பாகுபாடு என்பதை எப்படி அளப்பது? ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான். யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் வழக்குகள் வெல்வதும் தோற்பதும். ஆங்கிலேயச் சட்டத்துறையினர் இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வதுண்டு. ஓர் உணவகத்தில் நாய்களுக்கு அனுமதி இல்லை. பார்வையற்ற ஒருவர் தம் வழிகாட்டி நாயோடு வருகிறார், உரிமையாளர் தடுக்கிறார். "நாயோடு யார் வந்தாலும் தடுத்திருப்பேன், இவர் பார்வையற்றவர் என்பதற்காகத் தடுக்கவில்லை" என்கிறார். நாயோடு வரும் பார்வையுள்ளவரோடு ஒப்பிட்டால் உரிமையாளர் சொல்வது சரி. ஆனால் பார்வையற்றவருக்கு நாய் ஒரு விருப்பப் பொருள் அன்று. அது அவருடைய கண். ஆகவே, நாய் இல்லாமல் வந்து உணவருந்திச் செல்பவரோடுதான் அவரை ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்டால் அவர் பெற வேண்டியதைப் பெறவில்லை என்பது விளங்கும்.

1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரண்டாம் அளவையை ஏற்றது. 2008இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள், உளநோய் கொண்ட ஒரு குடியிருப்பாளர் தொடர்பான வழக்கில் அதனைத் தள்ளிவிட்டனர். அது வீட்டு வாடகை வழக்குதான். எனினும் சட்டத்தின் சொற்கள் பள்ளிக்கும் பொதுவானவை என்பதால் அதன் நிழல் வகுப்பறை வரை நீண்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பிடும் வேலையையே விட்டுவிட்டு வேறு வழியில் சென்றது. மாற்றுத்திறனிலிருந்து எழும் ஒன்றன் காரணமாக ஒருவருக்குப் பாதகம் நேர்ந்தால், அப்பாதகம் ஒரு முறையான நோக்கத்துக்குத் தகுந்த அளவினது என்று செய்தவர் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் அது பாகுபாடு. பள்ளியைப் பொறுத்தவரை இவ்வாறு மெய்ப்பிக்கும் பொறுப்பு பள்ளியினுடையது.

இதனை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவர்க்கு ஆண்டு விழாவில் பரிசு வழங்குவது பல பள்ளிகளின் வழக்கம். மாதந்தோறும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டிய ஒரு மாணவி எவ்வளவு முயன்றாலும் அப்பரிசைப் பெற முடியாது. வகுப்பில் எதையும் உண்ணக்கூடாது என்னும் விதி, இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனக் குறையும் மாணவருக்கு ஆபத்தாக முடியலாம். எந்த விதியும் அவரைக் குறிவைத்து எழுதப்படவில்லை. 'நாங்கள் கருதிச் செய்யவில்லை' என்ற விடையைச் சட்டம் ஏற்பதில்லை. பள்ளிக்கு அம்மாணவரின் நிலை தெரியவில்லை, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை என்றால் மட்டுமே அது தப்ப முடியும். பிள்ளையின் நோயைப் பள்ளியிடம் மறைக்கும் பெற்றோர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். அவர்களுடைய அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் அந்த மறைப்பு பிள்ளைக்குரிய பாதுகாப்பையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

மாற்றுத்திறன் மாணவருக்குக் கூடுதலாக ஒன்றைத் தருவது பிறருக்குச் செய்யும் அநீதி ஆகாது என்றும் அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. 'அவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம். எனக்கு ஏன் இல்லை?' என்று பிற மாணவர் வழக்குத் தொடுக்க இயலாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் சமத்துவம் பேசும்போது சட்டம் இருபுறமும் ஒரே தராசைப் பிடிக்கிறது. இங்கே மட்டும் தட்டு ஒருபுறம் தாழ்வதை அறிந்தே அனுமதிக்கிறது.

நியாயமான மாற்றம்

இச்சட்டத்தின் உயிர் 'நியாயமான மாற்றம்' என்னும் தொடரில் இருக்கிறது. பள்ளியின் ஒரு விதியோ வழக்கமோ மாற்றுத்திறன் மாணவரைக் கணிசமான இடர்ப்பாட்டில் நிறுத்தினால், அதை நீக்க நியாயமான மாற்றத்தைப் பள்ளி செய்தாக வேண்டும். அதற்கான செலவை மாணவரிடம் கேட்கக்கூடாது. மேலும், அத்தகைய மாணவர் வந்து வாயிலில் நின்ற பிறகு எண்ணத் தொடங்குவதும் போதாது. வரக்கூடும் என்பதை எதிர்நோக்கி முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

முதலில் நாம் பார்த்த மாணவியிடம் திரும்புவோம். மூன்றாம் தளத்திலுள்ள வகுப்புக்கு அவள் செல்ல வேண்டும். மின்தூக்கி அமைக்க வேண்டும் என்று சட்டம் பள்ளியைக் கட்டாயப்படுத்துமா? இல்லை. கட்டடத்தின் உடலமைப்பை மாற்றுவது, பள்ளிகளைப் பொறுத்தவரை நியாயமான மாற்றம் என்னும் கடமைக்குள் வருவதில்லை. கடைக்கும் அலுவலகத்துக்கும் உள்ள அக்கடமை பள்ளிக்கு இல்லை. இது சட்டத்தின் பெரிய குறை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவள் வகுப்பின் கால அட்டவணை கட்டடம் அன்று. அது ஒரு தாளில் எழுதப்பட்ட ஏற்பாடு. அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதற்குச் செங்கல் வேண்டா, சிமெண்டு வேண்டா. ஓர் எழுதுகோல் போதும். அதைச் செய்ய மறுத்தால், 'எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு' என்று தலைமையாசிரியர் சொன்ன கூற்று பாகுபாடாக மாறிவிடும்.

கட்டடத்தை மாற்றும் வேலைக்குச் சட்டம் வேறொரு வழியை வைத்துள்ளது. உள்ளாட்சிக் கல்வி அமைப்பு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளுக்கென அணுகல் உத்தி ஒன்றையும், ஒவ்வொரு பள்ளியும் அணுகல் திட்டம் ஒன்றையும் எழுத்தில் வகுக்க வேண்டும். பாடத்திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பைக் கூட்டுவது, கட்டடத்தையும் சூழலையும் மேம்படுத்துவது, பிற மாணவருக்கு எழுத்தில் தரும் செய்திகளை இவர்களுக்கு ஏற்ற வடிவில் தருவது ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். சாய்தளமும் மின்தூக்கியும் இத்திட்டத்தின் வழியாகக் காலப்போக்கில் வரவேண்டியவை. காலப்போக்கு என்பது ஒரு குழந்தையின் கணக்கில் எவ்வளவு நீளமானது என்பதைத் திட்டம் எழுதுபவர்கள் எப்போதும் நினைப்பதில்லை. பதினொன்றாம் வயதில் மேல்நிலைக்கு வருபவள், மின்தூக்கி வரும் ஆண்டில் பள்ளியை முடித்துச் சென்றிருப்பாள்.

துணைக்கருவிகளின் வரலாறும் இத்தகையதே. காதொலிக் கருவியோடு இணையும் ஒலிவாங்கி, பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடம், சைகைமொழி பெயர்ப்பாளர் போன்றவற்றை வழங்கும் கடமை 2002இல் பள்ளிகளுக்கு இல்லை. அவை உள்ளாட்சி அமைப்பு எழுதித் தரும் சிறப்புத் தேவை ஆவணத்தின் வழியே கிடைக்கும் என்று கருதிச் சட்டம் அவற்றை விலக்கி வைத்தது. ஆனால் அந்த ஆவணம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மிகுந்த தேவை உடையவர்க்கே கிடைத்தது. இடைப்பட்டவர்கள் இரண்டு வேலிகளுக்கும் நடுவில் நின்றனர். பத்தாண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் முதல் நாளன்று, பள்ளிகளுக்கும் அக்கடமை வந்தது. 2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தால் அந்த ஆவணமும் மாறியது. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் ஒருங்கிணைத்து, இருபத்தைந்து வயது வரை தொடரக்கூடிய திட்டமாக அது இன்று எழுதப்படுகிறது. எழுதுவது இன்றும் உள்ளாட்சி அமைப்பே. அகாதெமி எனப்படும் புதுவகைப் பள்ளிகள் பல அதன் ஆளுகையிலிருந்து விலகித் தம் நிருவாகத்தின் பொறுப்பில் இயங்குகின்றன. ஆகவே, திட்டத்தை எழுதுபவர் ஒருவர், அதனை வகுப்பறையில் நிறைவேற்றுபவர் வேறொருவர் என்றாகிவிட்டது. ஒருவரை ஒருவர் கைகாட்டுவதற்கு இடமும் உண்டாயிற்று.

நுழைவுத்தேர்வு வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும் இலக்கணப் பள்ளிகள் அந்நாட்டில் உள்ளன. அவற்றின் தேர்ச்சி மதிப்பெண்ணைச் சட்டம் தொடுவதில்லை. தேர்வை நடத்தும் முறையை மட்டும் தொடுகிறது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்க்குப் பெரிய எழுத்து வினாத்தாள் தரவேண்டும். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டுத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தரப்படுவதன் அடிப்படையும் இதுதான்.

தீர்ப்பாயத்தின் முன்

பள்ளி இக்கடமைகளில் தவறினால் பெற்றோர் ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுகலாம். பணமாக இழப்பீடு வழங்கும் அதிகாரம் அத்தீர்ப்பாயத்துக்கு இல்லை. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லலாம்; ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கச் சொல்லலாம்; விதியை மாற்றச் சொல்லலாம். இழப்பீடு இல்லாத சட்டம் பல்லில்லாப் பாம்பு என்று குறை கூறுவோர் உண்டு. பள்ளியின் பணம் எல்லா மாணவரின் பணம். அதிலிருந்து ஒருவருக்கு எடுத்துக் கொடுப்பதைவிட, அடுத்து வரும் மாணவருக்கும் பயன்படுமாறு விதியைத் திருத்துவதே மேல் என்று சொல்வோரும் உண்டு. இரண்டாம் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கடிதம் பெற்ற பிள்ளை இழந்த ஓராண்டுப் படிப்பு அதனால் திரும்பி வருவதில்லை.

2018 ஆகஸ்டில் மேல்தீர்ப்பாயம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆட்டிசம் கொண்ட பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், வகுப்புத் துணையாசிரியை ஒருவரை அளவுகோலால் அடித்தமை முதலிய செயல்களுக்காக ஒன்றரை நாள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்று, தீ வைத்தல், திருடுதல், பிறரைத் தாக்குதல் ஆகியவற்றை நோக்கிய மனப்போக்கை மாற்றுத்திறனாகக் கருதக்கூடாது என்று கூறியது. குற்றவாளிகள் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே அதன் நோக்கம். அவ்விதியின் பொருளைப் பள்ளிப் பிள்ளைகளின்மேல் ஏற்றியபோது, ஆட்டிசத்திலிருந்தே எழும் நடத்தைக்கு அச்சிறுவனுக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லாமல் போயிற்று. இது மனித உரிமைகளுக்கு முரணானது என்று மேல்தீர்ப்பாயம் கூறி, கல்வித் துறையில் இத்தகைய குழந்தைகளுக்கு அவ்விதி பொருந்தாது என்றது.

இத்தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பலர். அடிவாங்கிய ஆசிரியைக்கு உரிமை இல்லையா என்று கேட்டனர். உண்டு. அத்தகைய மாணவரைப் பள்ளி ஒருபோதும் நீக்கக்கூடாது என்று தீர்ப்புக் கூறவில்லை. நீக்குமுன், அவனைக் கொதிநிலைக்குக் கொண்டுசென்றது எது, அதைத் தணிக்கப் பள்ளி என்ன செய்தது, நீக்கம் தகுந்த அளவினதா என்பவற்றுக்குப் பள்ளி விடை சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். ஆசிரியையின் பாதுகாப்பும் அவ்விடையில் ஒரு பகுதிதான். முன்னர் இவ்வினாக்களைக் கேட்கவே முடியாதிருந்தது.

முடிவுறாத விவாதம்

பொதுப் பள்ளியே எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது என்பதிலும் அந்நாட்டில் ஒருமித்த கருத்து இல்லை. 1978இல் அறிக்கை அளித்த மேரி வார்னாக், 2005இல் எழுதிய சிறுநூல் ஒன்றில் தம் பழைய பரிந்துரைகள் சிலவற்றையே கேள்விக்கு உள்ளாக்கினார். ஒரே கூரையின்கீழ் இருப்பதே சேர்ந்து கற்பது ஆகிவிடாது; பெரிய பள்ளியில் தனிமைப்பட்டு வாடும் குழந்தைகளும் உண்டு என்பது அவரது கவலை. சிறப்புப் பள்ளிகளால்தான் தாங்கள் பிரிக்கப்பட்டோம் என்று போராடிய மாற்றுத்திறனாளிகளுக்கு இது பெருத்த ஏமாற்றம். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு 2009இல் ஒப்புதல் அளித்தபோதும், சில குழந்தைகளைத் தம் ஊருக்கு வெளியே உள்ள சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பும் வாய்ப்பைத் தக்கவைத்துக்கொண்டே பிரிட்டன் ஒப்பமிட்டது.

அந்த உடன்படிக்கைக்கு இந்தியா 2007இலேயே ஒப்புதல் அளித்துவிட்டது. பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 1995 என்னும் ஒரே ஆண்டின் பெயரைத் தாங்கியவை. இந்தியச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்டது; அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்தது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. ஆனால் கல்வி பற்றிய அதன் பதினாறாம் பிரிவை ஒரு சொல்லுக்காக நிறுத்திப் படிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சி அமைப்புகளும், தாம் நிதியளிக்கும் அல்லது ஏற்பளிக்கும் கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளை உள்ளடக்கிய கல்வியை வழங்குமாறு செய்ய 'முயல வேண்டும்' என்கிறது அது. செய்ய வேண்டும் என்பதற்கும் செய்ய முயல வேண்டும் என்பதற்கும் இடையில் ஒரு படிக்கட்டின் உயரம் இருக்கிறது.

அந்த உயரத்தை நீதிமன்றங்கள் குறைக்கவும் கூடும். எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வு எழுத முயன்றார். சட்டம் கூறும் நாற்பது விழுக்காட்டு அளவைக் குறைபாடு அவருக்கு இல்லை என்று கூறி, சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ள அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இந்திய உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அம்மறுப்பு செல்லாது என்றது. விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு உரிய அளவை. எழுத இயலாதவர்க்கு எழுதித் தருவதற்கு அது அளவை ஆகாது என்று விளக்கியது.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளியின் வாயில் முதல் ஆய்வகம், நூலகம், கழிவறை வரை சக்கர நாற்காலியில் செல்ல வேண்டுமெனில் எங்கெங்கே தடை நேரும் என்பதை வரைபடமாக வரைக. அத்தடைகளுள் கட்டடத்தை மாற்றாமலே நீக்கக்கூடியவை எவை எனக் குறிக்க.

'ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவர்க்குப் பரிசு' என்னும் விதியை, அதன் நோக்கம் கெடாமல், எவரையும் விலக்காதவாறு திருத்தி எழுதுக.